ரகுவரன்: பக்கத்து வீட்டு வில்லன்

மார்ச் 19 ரகுவரன் மறைந்த நாள். 2008-ல் அவர் போனப்போ அவருக்கு வயசு 49 தான். எனக்கு அப்போ பத்து. எங்க மணலி புதுநகர்ல கிரிக்கெட் ஆடுற பசங்களுக்கு அவர் பேரு ரகுவரன் இல்ல, மார்க் ஆண்டனி. 'பாட்ஷா' (1995) வந்தப்போ எங்கள்ல பாதிப் பேர் பொறக்கவே இல்ல. ஆனா அவுட்டானாலும் பேட்டைக் கீழே வைக்காதவனுக்கு அந்தப் பேருதான் வைப்போம். (அந்தப் பேட்டே பெரும்பாலும் அவனோடதா இருக்கும் :))

தமிழ் சினிமாவில் வில்லன்னா ஒரு இலக்கணம் இருந்தது. பி.எஸ்.வீரப்பா சிரிச்சா கொட்டகை அதிரும். நம்பியார் கையைப் பிசைஞ்சுகிட்டு ஓரக்கண்ணால பார்ப்பார். இவன்தான் கெட்டவன்னு இடுப்புல இருக்கிற குழந்தைக்கும் தெரிஞ்சிடும். ரகுவரன் அந்த வேலையே வச்சுக்கலை. ஒல்லியா, உயரமா, நல்லா சட்டை போட்டுகிட்டு, தணிஞ்ச குரல்ல பேசுவார். பேங்க்ல நமக்கு முன்னாடி வரிசையில நிக்கிற ஆள் மாதிரியே இருப்பார். பயமே அதுதாங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, அவர் தமிழுக்கு வந்ததே ஹீரோவா. 1958-ல் பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டில் பிறந்து, கோவையில் வளர்ந்து, சென்னை அடையாறு திரைப்படக் கல்லூரியில் நடிப்பு படிச்சவர். முதல் தமிழ்ப் படம் ஹரிஹரன் இயக்கிய 'ஏழாவது மனிதன்' (1982). பாட்டெல்லாம் பாரதியாரோடது, இசை எல்.வைத்தியநாதன். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கிச்சு. ஒரு ஆலையால கிராமமே மாசுபட்டுத் திணறுது, அதைத் தட்டிக் கேட்கிற இளைஞனா ரகுவரன்!

நான் இதை காலேஜ் முடிச்ச பிறகுதான் பார்த்தேன். காத்து திசை மாறினா எழுந்து போய் ஜன்னலைச் சாத்துற ஊர்க்காரன் நான். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டிலேயே மிக மோசமா மாசுபட்ட தொழிற்பகுதிகள்னு 43 இடங்களைப் பட்டியல் போட்டப்போ அதுல மணலியும் இருந்தது. நியாயமா எங்க ஊர்ல நூறு நாள் ஓடியிருக்க வேண்டிய படம். எங்க தெருவில விசாரிச்சா ஒருத்தர்கூட பார்த்ததில்ல. "மார்க் ஆண்டனி ஹீரோவா?"ன்னு சிரிச்சாங்க.

ஹீரோவா அவர் நிலைக்கலை. ஆனா அந்த முகத்தை வச்சுகிட்டே வில்லத்தனத்துக்கு வேற ஒரு வழி கண்டுபிடிச்சார். கே.எஸ்.ரவிக்குமாரோட முதல் படம் 'புரியாத புதிர்' (1990). சந்தேகப் புருஷன். "ஐ நோ" ங்கிற ரெண்டே சொல்லைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் வேற தொனியில சொல்லுவார். மிமிக்ரிக்காரங்க இன்னிக்கும் அதை விடலை. அதே வருஷம் மணிரத்னத்தோட 'அஞ்சலி'யில பாசக்கார அப்பா. 'முதல்வன்' (1999) பேட்டிக் காட்சியில சிரிச்ச முகமா உட்கார்ந்தவர், கேள்வி ஏற ஏற கொஞ்சம் கொஞ்சமா அவிழ்ந்து போறதைக் கவனிச்சுப் பாருங்க. நடிப்பு கத்துக்கணும்னா அந்தக் காட்சி ஒண்ணு போதும்.

ஆனா என்னைப் பொறுத்தவரை அவரோட பெரிய வில்லன் வேஷம் விசுவோட 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) சிதம்பரம்தான். துப்பாக்கி இல்ல, அடியாள் இல்ல. வெறும் கணக்கு. பொண்டாட்டி பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போனதும், ஒரு ஆள் சாப்பாடு குறைஞ்சுதேன்னு வீட்டுக்குக் கொடுக்கிற பணத்தையும் குறைக்கிற மூத்த மகன். கடைசியில அப்பா வீட்டுக்கு நடுவுல கோடே போட்டுடுவார்.

2021 நவம்பர்ல பூண்டி ஏரித் தண்ணியைத் திறந்துவிட்டு, கொசஸ்தலை ஆத்து வெள்ளம் எங்க வீட்டுக்குள்ள வந்தது. வடிஞ்ச பிறகு தரையை உசத்திடலாம்னு அப்பா சொன்னார். நான் அப்போதான் வேலையில சேர்ந்திருந்தேன். உடனே எக்ஸெல்ல ஒரு ஷீட் போட்டேன். செங்கல், மணல், கொத்தனார் கூலி எல்லாம் போட்டு, என் பங்கு 60, அப்பா பங்கு 40. இருபத்தஞ்சு வருஷம் ஷிப்டு பார்த்து ரிட்டயர் ஆன மனுஷன்கிட்ட அதை லேப்டாப்ல காட்டி, "கரெக்டா இருக்கான்னு பாருப்பா"ன்னு வேற கேட்டேன். பார்த்துட்டு சரின்னார்.

ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை டிவியில அந்தப் படம். சிதம்பரம் கணக்குச் சொல்ற இடம் வந்தது. அம்மா திட்ட ஆரம்பிச்சாங்க. அப்பா மட்டும் திரையைப் பார்த்தபடியே, "ஏன் திட்டுற, அவன் கணக்கு ஒண்ணும் தப்பில்லையே"ன்னார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை.

ஷீட்டை அன்னிக்கு ராத்திரியே அழிச்சுட்டேன். தரையும் உசத்தியாச்சு. வேணாம்பான்னு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துட்டேன், அப்பா இன்னமும் மாசம் பொறந்தா வீட்டுச் செலவுக்குன்னு தன் பங்கை எண்ணி டிவி பக்கத்துல வச்சிட்டுப் போறார்.