பேசாத பிள்ளை

குழந்தைக்கு ஒரு வயது கடந்தும் பேச்சு வரவில்லையென்றால் பாட்டிக்குத் தூக்கம் வராது. வசம்பை உரைத்து நாக்கில் தடவுவாள். ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றே அதற்குப் பெயர்.

பதினேழாம் நூற்றாண்டில், ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு வீட்டில் இந்தக் கவலை ஐந்து வருஷம் நீடித்ததாம். தாமிரபரணியின் வடகரையில் உள்ள ஊர். 1986 வரை திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. தகப்பனார் சண்முகசிகாமணிக் கவிராயர். சொல்லையே சொத்தாக வைத்திருந்த மனிதருக்கு வாய் திறவாத பிள்ளை! தாயார் சிவகாமசுந்தரி அம்மை பட்ட பாட்டைத் தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூரில் போய்க் கிடந்தார்கள். முருகன் சந்நிதியில் பேச்சு வந்தது என்பது கர்ணபரம்பரை. அற்புதம் என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. தாமதமாகப் பேசிய பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பிள்ளைதான் குமரகுருபரர். பிற்பாடு, திருமலை நாயக்கர் (1623–1659) ஆண்ட மதுரையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடினார். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களும் நம் வீட்டுத் தொட்டிலடியில் நடக்கிற காரியங்கள்தாம். குழந்தை ஒரு காலை மடக்கி, கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடினால் செங்கீரை. கை கொட்டினால் சப்பாணி. அதனோடு விளையாட நிலாவைக் கூப்பிட்டால் அம்புலி. பெண் குழந்தையானால் கடைசியில் அம்மானை, நீராடல், ஊசல்.

இவற்றுக்கு நடுவே தாலப் பருவம் என்று ஒன்று. தால் என்றால் நாக்கு. தாய் தன் நாக்கை அசைத்துத் தாலாட்டுகிற பருவம். அந்த அசைவைப் பார்த்தபடி, பதிலுக்கு ஒரு சொல் வராமல் ஐந்து வருஷம் கிடந்தவர் அதையும் பாடியிருக்கிறார். புத்தகத்தை எடுத்தால் நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.