மூட்டுக்கு இதம், இதயத்துக்குச் சுமை: 'கிராஸ் டிரெய்னர்' பயிற்சியின் நன்மைகளும் குறைகளும்

பெங்களூரு: முழங்கால் வலியால் ஓட இயலாதவர்களுக்கும், நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்து பணியாற்றுவோருக்கும் உடற்பயிற்சிக் கூடங்களில் முதலில் காட்டப்படும் கருவிகளுள் ஒன்று 'எலிப்டிகல் டிரெய்னர்'. மூட்டுகளை அதிராமல் காக்கும் கருவி என்ற பெயர் அதற்கு உண்டு. அந்தப் பெயர் பெரும்பாலும் பொருத்தமானதே. ஆனால் மூட்டுக்கு இதமானது என்பதாலேயே இதயத்துக்கும் இதமானது எனக் கருதிவிட முடியாது. முன்பரிசோதனை எதுவுமின்றி நாற்பது வயதுக்கு மேல் பயிற்சியைத் தொடங்குவோர் கவனிக்க வேண்டிய வேறுபாடு இது.

தமிழில் இதனை நீள்வட்டப் பயிற்சிக் கருவி எனலாம். எனினும் பெங்களூருவின் உடற்பயிற்சிக் கூடங்களில் அப்படிக் கேட்டால் யாருக்கும் புரியாது. 'கிராஸ் டிரெய்னர்' என்றால்தான் கைகாட்டுவார்கள். இரு மிதிகள், அவற்றோடு இணைந்து முன்னும் பின்னும் அசையும் இரு கைப்பிடிகள், ஒரு சுழல் சக்கரம் ஆகியவையே இதன் முக்கிய உறுப்புகள். மிதியின் மீது நிற்பவரின் பாதம் வட்டமாகவும் இல்லாமல் நேர்க்கோடாகவும் இல்லாமல் நீள்வட்டப் பாதையில் செல்வதால் இப்பெயர் ஏற்பட்டது. இன்றைய கருவிகள் பலவற்றில் சுழல் சக்கரத்தின் அருகே காந்தங்கள் பொருத்தப்பட்டுள்ளன. காந்தம் சக்கரத்தை நெருங்க நெருங்க மிதிப்பது கடினமாகும். அமெரிக்காவின் பிரிகோர் நிறுவனம் 1995-ஆம் ஆண்டு இக்கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் பின்னர் இது உலகெங்கும் பரவியது.

நகரப் பூங்காக்களின் திறந்தவெளி உடற்பயிற்சிப் பகுதிகளில் காணப்படும் ஊசலாடும் நடைக்கருவியைப் பலர் இதனோடு குழப்பிக்கொள்கின்றனர். அதில் கால்கள் ஊஞ்சலைப் போல முன்னும் பின்னும் வீசப்படுகின்றன. எதிர்விசை என்று எதுவும் இல்லை. இடுப்பு மூட்டின் இறுக்கம் தளர அது உதவக்கூடும். ஆனால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் எலிப்டிகல் அளிக்கும் பயிற்சியை அது அளிக்காது.

நன்மைகளில் முதன்மையானது அதிர்ச்சிக் குறைவு. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் பாதம் தரையில் மோதுகிறது; அப்போது காலில் ஏறும் விசை உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு வரை இருக்கும். எலிப்டிகலில் பாதம் மிதியைவிட்டு எழுவதே இல்லை என்பதால் அந்த மோதல் நிகழ்வதில்லை. உடல் பருமன் உள்ளவர்கள், தொடக்க நிலை மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள், காயத்திலிருந்து மீண்டுவரும் விளையாட்டு வீரர்கள் ஆகியோருக்கு இது பெரும் வசதி. கைப்பிடிகளைத் தள்ளியும் இழுத்தும் பயிற்சி செய்தால் தோள், மார்பு, முதுகுத் தசைகளும் இயங்கும். பின்னோக்கி மிதிக்கவும் இயலும் என்பதால் தொடையின் முன்பக்கத் தசைகளுக்குக் கூடுதல் வேலை கிடைக்கும்.

பெங்களூரு போன்ற நகரத்துக்கு இதனால் வேறு சில வசதிகளும் உண்டு. மாலை மழை, குண்டும் குழியுமான நடைபாதை, தெருநாய்கள், இரவு பணிநேரம் என வெளியே நடக்க முடியாமைக்கு இங்கு காரணங்கள் பல. டிரெட்மில்லில் ஓடும் ஓசை கீழ்வீட்டின் கூரையில் இடிபோல ஒலிக்கும். எலிப்டிகலில் அந்தப் புகாருக்கு அவ்வளவாக இடமில்லை. காந்த வகைக் கருவிகளுக்கு மின்தேவையும் குறைவு.

உடல் உழைப்பின்மை இன்று நாடு தழுவிய சிக்கலாகும். 2024-ஆம் ஆண்டு 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறத்தாழ பாதிப் பேர் போதிய உடல் உழைப்பு இல்லாதவர்கள். ஆண்களைவிடப் பெண்களிடையே இந்நிலை அதிகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய ஆய்வு, நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் மதிப்பிட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடற்பயிற்சி தேவை என உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு 30 நிமிடம் எலிப்டிகலில் செலவிட்டாலே அதன் குறைந்தபட்ச அளவை எட்டிவிடலாம்.

திரையில் தெரியும் கலோரி

எடை குறைப்பு என்று வரும்போது எதிர்பார்ப்பைச் சற்று அடக்கிக்கொள்வது நல்லது. மிதமான வேகத்தில் எலிப்டிகல் பயிற்சியின் ஆற்றல் செலவு, ஓய்வு நிலையைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு எனக் கணக்கிடப்படுகிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் பயிற்சி செய்தால் சுமார் 175 கலோரி செலவாகும். அதே நேரத்தில் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஓடினால் ஏறத்தாழ 290 கலோரி. பயிற்சி முடிந்து கூடத்தின் எதிரேயுள்ள உணவகத்தில் ஒரு மசாலா தோசை சாப்பிட்டால், அரை மணி நேர உழைப்பு அத்துடன் கணக்கு முடிந்துவிடும். கருவியின் திரை காட்டும் எண்ணோ பெரும்பாலும் உண்மையைவிடக் கூடுதலாகவே இருக்கும். பயிற்சி செய்பவரின் வயது, தசையளவு, அவர் கைப்பிடியில் சாய்ந்து நிற்கிறாரா என்பவற்றையெல்லாம் அது அறியாது.

குறைகளில் முக்கியமானது எலும்பு தொடர்பானது. எலும்பு உறுதிபெற ஓரளவு அதிர்ச்சி தேவை. நடை, ஓட்டம், படியேறுதல், எடை தூக்குதல் ஆகியவற்றில் எலும்பின் மீது விழும் சுமையே அதனைப் புதுப்பிக்கத் தூண்டுகிறது. மூட்டைக் காப்பாற்றும் அதே அதிர்ச்சிக் குறைவு, எலும்புக்குக் கிடைக்க வேண்டிய தூண்டுதலையும் குறைத்துவிடுகிறது. மாதவிடாய் நின்ற பெண்கள் எலிப்டிகலை மட்டுமே நம்பியிருக்கலாகாது என்பதற்குக் காரணம் இதுவே. வாரத்தில் இரண்டு நாளேனும் தசை வலுப் பயிற்சி தேவை என்பதும் உலக சுகாதார அமைப்பின் பரிந்துரைதான்.

மூட்டுக்கு முற்றிலும் பாதுகாப்பானது என்ற கூற்றையும் அப்படியே ஏற்பதற்கில்லை. தைவான் ஆய்வாளர்கள் 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பாதத்தை மிதியில் ஊன்றும் தொடக்கத்தில் ஏற்படும் செங்குத்து விசை நடையைவிடக் குறைவாக இருந்தது. ஆனால் முழங்காலை நீட்டும் தசைகளும் இடுப்பை மடக்கும் தசைகளும் ஏற்க வேண்டிய சுமை நடையைவிட அதிகமாக இருந்தது. எனவே முழங்கால் சில்லுப் பகுதியில் வலி உள்ளவர்கள் எதிர்விசையைக் குறைத்தே தொடங்க வேண்டும். வலி கூடினால் நிறுத்திவிட வேண்டும். கருவியின் எட்டு நீளமும் பொருந்த வேண்டும். உயரமானவர் குட்டையான எட்டுள்ள வீட்டுக் கருவியில் ஏறினால் குறுகிக் குறுகி மிதிக்க நேரிடும். உயரம் குறைந்தவர் பெரிய கருவியில் ஏறினால் இடுப்பை எட்டி எட்டி வீச நேரிடும். வாங்குவதற்கு முன் பத்து நிமிடமாவது ஏறி மிதித்துப் பார்ப்பது அவசியம். இணையத்தில் படம் பார்த்து வாங்கும் பொருள் இதுவன்று.

இருபது நிமிடம் கடந்ததும் கால்விரல்கள் மரத்துப்போவதாகப் பலர் கூறுவதுண்டு. பாதம் ஒரே இடத்தில் அழுந்தியிருப்பதே பெரும்பாலும் காரணம். காலணி நாடாவைத் தளர்த்தி, எடையைக் குதிகாலுக்கு மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் நீரிழிவு உள்ளவர்கள் இதனைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கு அது நரம்புப் பாதிப்பின் அறிகுறியாகவும் இருக்கலாம். பயிற்சிக்குப் பின் பாதத்தைச் சோதித்துக் கொப்புளம் உள்ளதா எனப் பார்ப்பதும், இன்சுலின் செலுத்துவோர் சர்க்கரை அளவு திடீரெனத் தாழ்ந்துவிடாமல் கவனிப்பதும் தேவை. குழந்தைகள் உள்ள வீடுகளில் அசையும் மிதிகளுக்கு இடையே விரல் சிக்கும் ஆபத்தும் உண்டு.

இதயம் தரும் எச்சரிக்கை

கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி, 46-ஆவது வயதில் பெங்களூருவில் காலமானார். அன்று காலை உடற்பயிற்சிக்குப் பிறகு அவருக்கு நெஞ்சில் அசௌகரியம் ஏற்பட்டது. முதலில் குடும்ப மருத்துவரிடமும் பின்னர் தனியார் மருத்துவமனைக்கும் கொண்டுசெல்லப்பட்ட அவரைக் காப்பாற்ற இயலவில்லை. உடற்பயிற்சியே மரணத்துக்குக் காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் கட்டுடல் கொண்ட ஒருவருக்கே இப்படியா என்ற அதிர்ச்சி நகரத்தை உலுக்கியது. அடுத்த சில நாள்களில் ஜெயதேவா இதயநோய் மருத்துவமனையில் பரிசோதனைக்காக மக்கள் திரண்டனர். மாரடைப்புடன் வருவோருக்குத் தாலுகா மருத்துவமனைகளிலேயே இ.சி.ஜி. எடுத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி செலுத்தும் திட்டத்துக்கு கர்நாடக அரசு பின்னர் அவரது பெயரையே சூட்டியது.

எலிப்டிகலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி எழலாம். ஒரே அளவு கடினமாக உணரும் வேகத்தில் டிரெட்மில்லையும் எலிப்டிகலையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், ஆக்சிஜன் பயன்பாடும் இதயத்துடிப்பும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. அதாவது கால் உணராத கடுமையை இதயம் உணர்கிறது. ஓட்டத்தில் முழங்கால் வலித்து நிறுத்தச் சொல்லும். இங்கு அந்த முன்னறிவிப்பு கிடைப்பதில்லை. எதிர்விசையை உயர்த்திக்கொண்டே போவதும் எளிது.

இதயத்துடிப்பைக் கணக்கிட எளிய வழி, 220-லிருந்து வயதைக் கழிப்பது. 45 வயதினருக்கு அது 175. அதில் 50 முதல் 70 விழுக்காடு வரை, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 88 முதல் 122 துடிப்பு வரை மிதமான பயிற்சி எனக் கொள்ளலாம். இது தோராயக் கணக்கே. ரத்த அழுத்தத்துக்கோ இதயநோய்க்கோ 'பீட்டா பிளாக்கர்' வகை மாத்திரை உட்கொள்வோருக்கு இக்கணக்கு பொருந்தாது. மருந்து துடிப்பை உயரவிடாது. அவர்கள் பேச்சை அளவுகோலாகக் கொள்ளலாம்: மிதிக்கும்போது தொடர்ந்து பேச முடிந்து, பாட முடியாமல் இருந்தால் அது மிதமான வேகம்.

நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும், கடும் பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரைக் காண வேண்டும். முதல் வாரத்தில் பத்து நிமிடம், குறைந்த எதிர்விசை போதுமானது. தொடக்கத்திலும் முடிவிலும் ஐந்து நிமிடம் மெதுவாக மிதிக்க வேண்டும். திடீரென நிறுத்தி இறங்கினால் தலைசுற்றல் ஏற்படலாம். நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, காரணமற்ற வியர்வை, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால், வாயுத்தொல்லை எனத் தாமதிக்காமல் பயிற்சியை நிறுத்திவிட்டு 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.