பிரசவத் தையலும் வலியும்: ஒரு வரலாறு

சுகப்பிரசவத்தில் குழந்தையின் தலை வெளிவரும்போது பிறப்புவழிக்கும் மலவாய்க்கும் இடையிலுள்ள தசைப்பகுதி கிழிவதுண்டு. இப்பகுதியைப் பெரினியம் என்பர். தானாகக் கிழியும் முன்பே அதைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவதும் உண்டு. அந்த வெட்டுக்கு எபிசியாட்டமி என்று பெயர். மிகச் சிறிய கிழிசல்களைத் தவிர மற்றவற்றுக்குத் தையல் போட வேண்டும். அது ஆறும்வரை உட்காரவும், சிறுநீர் கழிக்கவும், குழந்தையை மடியில் வைத்துப் பாலூட்டவும் தாய் படும் பாடு பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். எப்போது வெட்டுவது, எப்படித் தைப்பது என்று மருத்துவர்கள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக எழுதியுள்ளனர். ஆனால் தைத்த பிறகு எவ்வளவு வலித்தது என்று தாய்மாரையே முறையாகக் கேட்கும் வழக்கம் 1980களில்தான் வேரூன்றியது.

பழைய நூல்களில்

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் சொரானஸ், குழந்தை வெளிவரும் வேளையில் துணியைக் கொண்டு அப்பகுதியைத் தாங்கிப் பிடிக்கச் சொன்னார். கிழியாமல் காப்பதே அவருடைய நோக்கம். கிழிந்ததைத் தைப்பது பற்றி, இத்தாலியின் சலேர்னோ நகரில் 12ஆம் நூற்றாண்டில் உருவான 'ட்ரோட்டுலா' என்னும் பெண் மருத்துவத் தொகுப்பு விரிவாகப் பேசுகிறது. பட்டுநூலால் மூன்று நான்கு இடங்களில் தைக்க வேண்டும். மூலிகைப் பொடி தூவ வேண்டும். கால்பக்கம் உயர்ந்திருக்குமாறு எட்டு ஒன்பது நாள் படுக்க வைக்க வேண்டும். குளியல், இருமலைத் தூண்டுபவை, எளிதில் செரிக்காத உணவு ஆகியவை கூடாது. நம் வீடுகளில் பச்சை உடம்புக்காரிக்குச் சொல்லும் பத்தியத்தை இது நினைவூட்டுகிறது. இருமினாலும் முக்கினாலும் தையல் இழுபடும் என்பதை அறிந்தவர் எழுதிய குறிப்பு இது.

கத்தரிக்கோல் வந்த கதை

வெட்டும் முறையை முதலில் எழுத்தில் வைத்தவராக டப்ளின் மருத்துவர் பீல்டிங் ஓல்ட் குறிப்பிடப்படுகிறார். 1742இல் வெளியான தம் நூலில், வாய்ப்பகுதி மிக இறுகிப் பிரசவம் நீண்டுகொண்டே போகும் அரிய நிலையில் மட்டும் அதை அவர் பரிந்துரைத்தார். எபிசியாட்டமி என்ற பெயரை 1857இல் வழங்கியவர் வியன்னாவின் கார்ல் பிரவுன். வேடிக்கை என்னவென்றால், பெயர் வைத்த அவரே அது தேவையற்றது என்று கருதினார்.

நிலைமை மாறியது அமெரிக்காவில். 1920இல் சிகாகோ மருத்துவர் ஜோசப் டிலீ புதிய முறை ஒன்றை முன்வைத்தார். தாய்க்கு மயக்கம் கொடுத்து, பெரினியத்தை வெட்டி, ஆயுதத்தால் குழந்தையை எடுத்து, பின் தைத்துவிட வேண்டும். சிக்கல் வருமுன் காக்க இதுவே வழி என்றார். கோணல்மாணலாகக் கிழிவதைவிட நேரான வெட்டு எளிதில் ஆறும், தாயின் தசையும் குழந்தையின் தலையும் பிழைக்கும் என்பது வாதம். கேட்பதற்குப் பொருத்தமாக இருந்தது. சோதித்துப் பார்த்தவர் இல்லை. மருத்துவமனைப் பிரசவம் பெருகப் பெருக வெட்டும் பெருகியது. 1979இல் அமெரிக்காவில் பிறப்புவழிப் பிரசவங்களில் சுமார் 61 விழுக்காட்டில் எபிசியாட்டமி செய்யப்பட்டது.

தாய்மாரைக் கேட்டபோது

1981இல் பிரிட்டனில் ஷீலா கிட்ஸிங்கர் எபிசியாட்டமி செய்துகொண்ட பெண்களின் அனுபவங்களைத் தொகுத்து வெளியிட்டார். 1983இல் தாக்கர், பான்டா ஆகிய இரு அமெரிக்கர்கள் 1860 முதல் 1980 வரையிலான மருத்துவ எழுத்துகளை அலசினர். வழக்கமாக வெட்டுவதற்கு உறுதியான ஆதாரம் அவற்றில் கிடைக்கவில்லை.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் ஒரு மருத்துவச்சி. இங்கிலாந்தின் ரெடிங் நகரில் ஜெனிபர் ஸ்லீப் 1,000 பெண்களைத் தற்செயல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்து, 1984இல் முடிவை வெளியிட்டார். ஒரு குழுவில் 51 விழுக்காட்டினருக்கு வெட்டு, மற்றதில் 10 விழுக்காட்டினருக்கு மட்டும். பத்தாம் நாளிலும் மூன்றாம் மாதத்திலும் இரு குழுவினரின் வலியில் பெரிய வேறுபாடில்லை. வெட்டினால் நன்றாக ஆறும் என்ற வாதத்துக்கு இங்கே அடி விழுந்தது. 1993இல் வெளியான அர்ஜென்டினா ஆய்வு இன்னும் பெரியது: எட்டு மருத்துவமனைகள், 2,606 பெண்கள். தேவைக்கு மட்டும் வெட்டிய குழுவில் வலி, தையல் பிரிதல், ஆறுவதில் சிக்கல் எல்லாமே குறைந்திருந்தன. முன்புறச் சிறு கிழிசல்கள் மட்டும் அதில் சற்று அதிகம்.

உப்புநீரும் நூலும்

வெந்நீரில் உப்புப் போட்டு உட்காரச் சொல்வது நம்மிடையே மட்டுமன்றி இங்கிலாந்திலும் பழகிய அறிவுரைதான். ஸ்லீப் அதையும் விடவில்லை. 1988இல் வெளியான ஆய்வில் 1,800 தாய்மார் பங்கேற்றனர். சிலர் குளிக்கும் நீரில் உப்பும், சிலர் கிருமிநாசினியும் கலந்தனர், சிலர் எதுவும் கலக்கவில்லை. பத்தாம் நாளில் வலியும் புண் ஆறுதலும் மூன்று குழுக்களிலும் ஏறத்தாழ ஒன்றே. நீர் தரும் இதத்தை இது மறுக்கவில்லை. உப்பு தனியாக எதையும் கூட்டவில்லை என்பதே முடிவு. மறு ஆண்டு 414 பெண்களிடம் மீயொலி, மின்காந்தத் துடிப்பு ஆகிய இயந்திர சிகிச்சைகள் சோதிக்கப்பட்டன. போலியாக இயந்திரம் வைக்கப்பட்டவர்களையும் சேர்த்து, பங்கேற்ற பெண்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் குணம் தெரிவதாகவே சொன்னார்கள்! சிகிச்சையால் கூடுதல் பயன் தெளிவாகத் தென்படவில்லை.

உண்மையில் வலியைக் குறைத்தவற்றுள் ஒன்று தையலேதான். நெடுங்காலம் ஆட்டுக்குடல், மாட்டுக்குடலிலிருந்து செய்த கேட்கட் நூலே பயன்பட்டது. உடல் அதை அந்நியப் புரதமாக எண்ணித் தாக்கிக் கரைப்பதால் வீக்கம் வரும். பாலிகிளாக்டின் போன்ற செயற்கை நூல்கள் திசுநீரிலேயே கரைந்துவிடும், அழற்சி குறைவு. இங்கிலாந்தின் மருத்துவச்சி கிறிஸ்டின் கெட்டில் 1,542 பெண்களிடம் தைக்கும் முறையையும் ஒப்பிட்டு 2002இல் முடிவை வெளியிட்டார். தனித்தனி முடிச்சுகளாகத் தைத்தவர்களில் 44 விழுக்காட்டினருக்குப் பத்தாம் நாளில் வலி இருந்தது. ஒரே நூலால் இறுக்காமல் தொடர்ச்சியாகத் தைத்தவர்களில் அது 26.5 விழுக்காடு.

வழக்கமாக வெட்டுவதை உலக சுகாதார நிறுவனம் 1996இலேயே தவறாகப் பயன்படும் நடைமுறைகளின் பட்டியலில் சேர்த்தது. 2018 வழிகாட்டுதலிலும் அதைப் பரிந்துரைக்கவில்லை. அமெரிக்காவில் 2004இல் விகிதம் 24.5 விழுக்காடாக இறங்கியிருந்தது.