அசுசேனா வில்லாஃப்ளோர் தெரு

புவேனஸ் அயர்ஸ் நகரின் வரைபடத்தில் புவேர்த்தோ மதேரோ பகுதிக்கு வந்ததும் என் விரல் நின்றுவிட்டது. தெருப் பெயர்கள் வரிசையாகப் பெண்கள். நாட்டின் முதல் பெண் மருத்துவர் செசிலியா கிரியர்சன். வாக்காளர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுத மறந்ததைக் கண்டுபிடித்து 1911இல் வாக்களித்த ஹூலியெத்தா லாந்தேரி. நடைபாலத்துக்கும் 'பெண்ணின் பாலம்' என்று பெயர். பகுதியின் பெயர் மட்டும் ஓர் ஆணுடையது: துறைமுகத்தை அமைத்த வணிகர் எதுவார்தோ மதேரோ.

அவருடைய துறைமுகம் கட்டி முடித்த சில ஆண்டுகளிலேயே பெரிய கப்பல்களுக்குப் போதாமல் போயிற்று. வடக்கே புதுத் துறைமுகம் வந்தது. செங்கல் கிடங்குகள் பல பத்தாண்டுகள் பாழாய்க் கிடந்தன. 1989இல் அரசு ஒரு நிறுவனம் அமைத்து நிலத்தை விற்கத் தொடங்கியது. கிடங்குகள் உணவகங்களும் குடியிருப்புகளும் ஆயின. கிழக்கே கோபுரங்கள் எழுந்தன. அவற்றில் நாற்பது மாடிக்கு மேல் உயர்ந்த ஓர் இரட்டைக் கோபுரத்தின் பெயர் 'முலியெரிஸ்'. லத்தீனில் 'பெண்ணுடைய' என்று பொருள். அது நிற்பது அசுசேனா வில்லாஃப்ளோர் தெருவோரம்.

அசுசேனா உழைக்கும் குடும்பத்துப் பெண். ஒரு தொழிற்சாலையில் தொலைபேசி இணைப்பாளராக இருந்தவர். 1976 நவம்பரில் ராணுவ ஆட்சி அவருடைய மகனையும் மகனுக்கு நிச்சயித்த பெண்ணையும் பிடித்துக்கொண்டு போயிற்று. பிள்ளையைத் தேடி அலுவலகம் அலுவலகமாக அலைந்த தாய்மாரை 1977 ஏப்ரல் 30 அன்று மே சதுக்கத்தில் கூட்டியவர் அவர். வந்தவர்கள் பதினான்கு பேர். அதே டிசம்பர் 10 அன்று அவரையும் தூக்கிச் சென்றார்கள். கைதிகளை விமானத்திலிருந்து ஆற்றிலும் கடலிலும் வீசுவது அந்த ஆட்சியின் வழக்கம். அசுசேனாவின் உடலைக் கடல் கரையில் ஒதுக்கியது, பெயரில்லாமல் புதைத்தார்கள். 2005இல்தான் எலும்புகள் அடையாளம் காணப்பட்டன. சாம்பலை மே சதுக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

கோபுரங்களின் கிழக்குப் பால்கனியில் நின்றால் ஒரு பசுங்காடு தெரியும். நெடுஞ்சாலைகளுக்காக அதே ராணுவ ஆட்சி இடித்த கட்டடங்களின் இடிபாட்டை ஆற்றில் கொட்டியதால் உண்டான நிலம் அது. செடிகொடி தானாக முளைத்தது. 1986இல் காப்பிடமாக அறிவித்தார்கள். அதற்கப்பால் லா பிளாட்டா ஆறு.

பெயர் வைத்தது தவறென்று சொல்லமாட்டேன். நம் ஊர்த் தெருக்களில் பெண் பெயர் தேடி அலுத்தவள் நான். ஆனால் நகரிலேயே விலை மிகுந்த பகுதி இது. தொலைபேசி இணைப்பாளரின் சம்பளத்தில் அசுசேனா தன் பெயருள்ள தெருவில் ஒரு மாதமாவது வாடகைக்கு இருந்திருக்க முடியுமா?

ஆறு தெரியும் வீடு என்றால் அங்கே விலை இன்னும் கூடும்.