பெட்டிக்குள் ஒட்டிய பெயர்: சில அரிய ஆம்ப்ளிஃபயர்கள் கைமாறிய வரலாறு

ஓலைச்சுவடிகளோடு பழகியவர்கள் முதல் ஏட்டைப் பார்ப்பதற்கு முன் கடைசி ஏட்டைப் புரட்டுவார்கள். எழுதி முடித்த ஆண்டு, மாதம், நாள், எழுதியவர் பெயர், யாருக்காக எழுதப்பட்டது என்பன பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளின் முன்னுரையில் ஏடு தந்தவர்களின் பெயரையும் ஊரையும் பொறுப்புடன் குறித்துவைத்தார். அதனால் ஒரு பிரதி எந்த வீட்டுப் பரணிலிருந்து வந்தது என்று இன்றும் சொல்ல முடிகிறது. இதே வேலையை, ஏறத்தாழ இதே முறையில், மேல்நாட்டில் சிலர் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களுக்குச் செய்துவருகிறார்கள் என்றால் இலக்கிய நண்பர்கள் சற்றே புருவம் உயர்த்தக்கூடும். நானும் உயர்த்தினேன். படிக்கப் படிக்க, இது நம் பாடபேதத் துறைக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று தோன்றிவிட்டது.

கலிபோர்னியாவின் ஃபெண்டர் தொழிற்சாலையிலிருந்து 1950களிலும் 60களிலும் வெளிவந்த பெட்டிகளைத் திறந்தால், உள்ளே வால்வுகளின் பட்டியல் அச்சிட்ட ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் இரண்டு எழுத்துகள் முத்திரையிடப்பட்டிருக்கும். முதல் எழுத்து ஆண்டு, இரண்டாவது மாதம். 'ஏ' என்றால் 1951; ஆகவே 'ஜி, கே' என்றிருந்தால் 1957 நவம்பர். தாள் கிழிந்துபோனாலும் வழி உண்டு. ஒலியளவைத் திருகும் பொத்தானுக்குப் பின்னாலுள்ள உறுப்பிலும், டிரான்ஸ்பார்மரிலும், ஸ்பீக்கரிலும் செய்த கம்பெனியின் எண், ஆண்டு, வாரம் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். '137' என்று தொடங்கினால் சிடிஎஸ் கம்பெனி. தொடர்ந்து '6633' என்றால் 1966ஆம் ஆண்டின் 33ஆவது வாரம். பெட்டி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. பிந்தியதாக இருக்கலாம், கிடங்கில் தேங்கிய உறுப்புகளையும் பயன்படுத்தினார்கள். பழுதுபார்த்தவர் உறுப்பை மாற்றியிருந்தாலோ கணக்கே பிறழ்ந்துவிடும். ஆகையால் ஈயப்பற்று பழையதா, புதியதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள்.

பழைய உறுப்புகளில் ஆண்டைக் குறிக்க ஒரே ஓர் இலக்கம்தான். '5' என்றால் 1945ஆ, 1955ஆ? ஏட்டில் 'பிலவ வருஷம்' என்று மட்டும் கண்டு, எந்த அறுபதாண்டுச் சுற்றில் வந்த பிலவ என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் நம் சங்கடமேதான். நமக்கு அறுபது ஆண்டு, அவர்களுக்குப் பத்து ஆண்டு.

இவை அனைத்தினும் என்னை ஈர்த்தது வேறொன்று. அப்பெட்டிகள் சிலவற்றின் உட்புறத்தில் காகித நாடாத் துண்டு ஒன்று ஒட்டப்பட்டு, அதில் ஒரு பெண்ணின் பெயர் கையால் எழுதப்பட்டிருக்கும். கம்பிகளைப் பற்றவைத்த தொழிலாளியின் பெயர். மேடையில் வாசித்துப் புகழ்பெற்றவரின் பெயர் உலகறிந்தது. ஏடெழுதிய கையைப் போல இந்தக் கை பெட்டிக்குள் இருட்டில் அறுபது ஆண்டு கிடந்திருக்கிறது.

தொழிற்சாலைப் பொருளுக்கே இத்தனை ஆராய்ச்சி என்றால், தனி ஒருவர் கையால் செய்தவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஹோவர்டு அலெக்ஸாண்டர் டம்பிள் (1944–2022) தம் வாழ்நாளில் செய்தவை ஏறக்குறைய முந்நூறு என்கிறார்கள். வாங்குபவர் வாசிப்பதைக் கேட்டு, அந்த விரலுக்கு ஏற்றபடி சுருதி கூட்டுவதுபோல் அமைத்துக் கொடுப்பார். இன்று ஒன்றின் விலை லட்சம் டாலரைத் தாண்டுகிறது. விலை ஏறினால் போலி வரும். போலி வந்தால் 'முதலில் இது யாருக்காகச் செய்யப்பட்டது, அவரிடமிருந்து யாரிடம் போனது' என்ற சங்கிலி வேண்டியதாகிறது.

டம்பிளோ தம் சுற்றுகளைப் பிறர் நகல் எடுக்காதிருக்க அவற்றின் மீது பிசின் ஊற்றி மூடிவிடுவார். அந்தப் பிசினே பிற்காலத்தில் அசலுக்கு ஒரு சான்றாயிற்று. பழுதுபார்க்க அதைச் சுரண்ட நேர்ந்தபோது இரகசியம் வெளிப்பட்டு, நகல்கள் பெருகின. சுரண்டப்பட்ட அசலோ தன் சான்றில் ஒரு பகுதியை இழந்து நின்றது.

உடைமை வேறு, வாசித்தவர் வேறு என்னும் சிக்கலும் உண்டு. ஸ்டீவி ரே வானின் 'டெக்சாஸ் ஃப்ளட்' இசைத்தட்டு 1982இல் லாஸ் ஏஞ்சல்சில் ஜாக்சன் பிரௌனின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது. அங்கிருந்த பிரௌனின் டம்பிளைத்தான் வான் பயன்படுத்தினார். பெட்டி பிரௌனுடையது, புகழ் வானுடையது. 'வானுடைய ஆம்ப்' என்று ஒருவர் விற்பனைக்கு வைத்தால், வைத்திருந்ததா, வாசித்ததா, ஒரு மாலை தொட்டுப் பார்த்ததா என்று கேட்டுத்தான் ஆகவேண்டும்.

நியூஜெர்சியின் கென் ஃபிஷர் இதற்கு அழகான ஒரு வழி கண்டார். 2006இல் மறைந்த அவர், தம் 'டிரெய்ன்ரெக்' பெட்டிகளுக்கு வரிசை எண் இடவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண்ணின் பெயரை வைத்தார். எண்ணை மறந்துவிடுவோம்; பெயரை மறப்பதில்லை. நம் அண்ணாமலையார் கோயில் யானை 2018இல் இறந்தபோது ஊரே 'ருக்கு போய்விட்டாள்' என்றுதான் சொன்னது.

நம் பக்கத்தில் நிலைமை என்ன? திருவண்ணாமலைக் கோயிலின் கல்வெட்டுகளைப் படித்தால், நந்தாவிளக்குக்கு ஆடு விட்டவர் பெயரும் ஊரும் ஆட்டின் எண்ணிக்கையும் கிடைக்கின்றன. வேங்கிக்கால் தொடங்கிச் சுற்றுப்பட்டு ஊர்கள் எங்கும் காதுகுத்து, கூழ் வார்த்தல், தேர்தல் என்று முழங்கிய மைக்செட் ஆம்ப்ளிஃபயர்களுக்கு அப்படி ஒரு வரியும் இல்லை. 1940இல் தில்லியில் தொடங்கிய அகுஜாவின் பெட்டிகள் தமிழகமெங்கும் பரவின. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1960களில் வால்வுகளைச் செய்யலாயிற்று. அந்த வால்வுகளை இன்று வெளிநாட்டுக் கிட்டார்காரர்கள் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். அவை பொருத்தப்பட்டிருந்த பெட்டிகள், டிரான்ஸ்பார்மரின் செம்புக்காக எடைக்குப் போயின.

மிஞ்சிய ஒரே சாசனம் பெட்டியின் தகரத்தில் எழுதிய பெயிண்ட் எழுத்துத்தான்: இன்னார் சவுண்ட் சர்வீஸ், இன்ன ஊர். கோயிலுக்குக் கொடுத்ததானால் 'உபயம்' என்று தொடங்கும். வெளிச்சம் வெளியே வராதபடி டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவதை நாம் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறோம். கைமாறல் வரலாறு எழுதப் புகுபவனுக்கு அந்த எழுத்தே மெய்க்கீர்த்தி. ஒரு கடைக்காரர் தொழிலை விட்டு இன்னொருவருக்கு விற்கும்போது பழைய பெயரின் மேல் புதிய பெயரை எழுதுவார்கள். நன்றாகச் சுரண்டாமல் எழுதிய பெட்டிகளில் அடியிலுள்ள எழுத்து மங்கலாகத் தெரியும். அப்படி இரண்டு மூன்று அடுக்கு உள்ள பெட்டிகள் பழைய ரேடியோக் கடைகளின் மூலைகளில் இன்னும் சில கிடக்கின்றன. பழைய இரும்புக்காரர் வருவதற்குள் யாராவது ஒரு மாணவர் அவற்றைப் புகைப்படம் எடுத்து, கடைக்காரரின் வாய்மொழியையும் குறித்துக்கொண்டால் முனைவர் பட்டத்துக்கே போதிய பொருள் தேறும்.