பைக்காராவும் ஆட்டுரலும்

மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் செல்லும் சாலையில், பழங்காநத்தத்தைக் கடந்து பசுமலையை எட்டுமுன் ‘பைக்காரா’ என்றொரு பேருந்து நிறுத்தம் உண்டு. அங்கே ஆறும் இல்லை, அருவியும் இல்லை. இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் நீலகிரியில் ஓடும் ஓர் ஆற்றின் பெயர் அது. அவ்வாற்று நீரை மூவாயிரம் அடிக்கும் கூடுதலான உயரத்திலிருந்து குழாய்களில் இறக்கி, சிங்காரா மின்நிலையத்தில் மின்சாரம் எடுக்கத் தொடங்கியது 1932இல். சென்னை மாகாண நிர்வாகத்தில் சட்ட உறுப்பினராயிருந்த சி. பி. ராமசாமி ஐயர் இத்திட்டத்துக்காக வாதாடியவர்களுள் முதன்மையானவர். அம்மின்சாரம் சமவெளியில் இறங்கி மதுரைக்கும் வந்தது. அதை வாங்கிப் பகிர்ந்த துணை மின்நிலையத்தின் பெயரே சுற்றிலும் எழுந்த குடியிருப்புக்கும் ஒட்டிக்கொண்டது. அரசரின் பெயரிலும் தெய்வத்தின் பெயரிலும் ஊர்கள் அமைவது நம் நாட்டில் வழக்கம். மின்சாரம் புறப்பட்ட இடத்தின் பெயரைச் சூடிக்கொண்ட ஊர்ப்பகுதி அபூர்வம்.

அந்த மின்சாரம் யாருக்காக வந்தது? வீட்டுக்காக அல்ல என்பதில் ஐயமில்லை. முதலில் ஆலைகளுக்கு, பிறகு இறைவைக் கிணறுகளுக்கு, தெருவிளக்குகளுக்கு, திரையரங்குகளுக்கு. கோவையில் 1930களில் பஞ்சாலைகள் பெருகியதற்குப் பைக்காரா மின்சாரம் ஒரு முக்கியக் காரணம் என்று பொருளாதார வரலாற்றாசிரியர்கள் சொல்வர். மதுரையில் ஹார்வி சகோதரர்களின் மதுரா மில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே நீராவியால் ஓடத் தொடங்கிவிட்டது. பசுமலைக்கு அடுத்த ஹார்விபட்டி அவ்வாலைத் தொழிலாளருக்காக எழுந்த குடியிருப்பு. பசுமலையிலேயே மகாலட்சுமி மில் இருந்தது. 1845இல் அமெரிக்க மிஷனரிகள் இறையியல் பள்ளியைக் கொண்டுவந்து நிறுவிய இக்குன்றின் அடிவாரம், நூறாண்டுக்குள் பள்ளி மணியோடு ஆலைச் சங்கும் கேட்கும் இடமாயிற்று.

சங்கு ஊதினால் ஆலைக்குள் நடப்பதற்குச் சட்டம் உண்டு. 1922ஆம் ஆண்டுச் சட்டம் வாரத்துக்கு 60 மணி நேரம் என்றது. 1934இல் அது 54 ஆயிற்று. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 48 என்று நிறுத்தியது. ஒவ்வொரு குறைப்புக்கும் பின்னால் வேலைநிறுத்தமும் சிறையும் பட்டினியும் இருந்தன. ஆனால் அதே சங்கு, ஆலைக்குப் போகாத ஒருத்தியையும் எழுப்பியது. கணவன் முதல் ஷிப்டுக்குப் போகிறான் என்றால் அவளுக்கு அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே நாள் தொடங்கிவிடும். மகன் இரவு ஷிப்டென்றால் அவளுக்கு நாள் முடிவதே இல்லை. இந்த மணிக்கணக்கை எந்தச் சட்டமும் எழுதி வைக்கவில்லை. தொழிலாளர் வரலாறு எழுதிய நம்மவர்களும் அடுப்படி வாசலோடு நின்றுவிட்டனர் என்பது என் வருத்தம்.

அடுப்படியில் என்ன இருந்தது? அம்மி, ஆட்டுரல், உரல், உலக்கை, திரிகை. எல்லாம் கல்லும் மரமும். எல்லாம் தோளிலும் இடுப்பிலும் வாங்குகிற வேலை. நெல்குத்துவதை முதலில் பறித்துக்கொண்டது ரைஸ் மில். மாவு திரிப்பதையும் பெருமளவு அதுவே வாங்கிக்கொண்டது. பைக்காரா மின்சாரம் கிராமத்து மில்லின் மோட்டாரைச் சுழற்றியபோது பெண்களின் உடலுழைப்பில் ஒரு பங்கு குறைந்தது உண்மை. ஆயினும் ஈரமாவும் மசாலாவும் வீட்டிலேயே நின்றன. மாவு புளித்துவிடும், மசாலா கெட்டுவிடும். தூரத்து மில்லுக்கு அவற்றைத் தூக்கிப் போக இயலாது.

அங்கேதான் கோவை குறுக்கிடுகிறது. 1955இல் கோவையைச் சேர்ந்த பி. சபாபதி மின்சாரத்தால் ஓடும் ஈரமாவு கிரைண்டரை உருவாக்கினார். அதன் சூட்சுமம் எளியது. ஆட்டுரலில் கல் அசையாது, குழவி சுழலும். கிரைண்டரில் குழவி ஓரிடத்தில் நிற்க, கல் சுழலும். மனிதக் கைக்கு இலகுவானது ஒன்று, மோட்டாருக்கு இலகுவானது மற்றொன்று. கல்லோடு கல் மெதுவாக உரசுவதால் மாவு அதிகம் சூடேறாது, உளுந்து பொங்கி வரும். 1960களில் சத்ய பிரகாஷ் மாத்தூர் உருவாக்கிய சுமீத் மிக்ஸி, அதிவேகத் தகட்டால் சட்னிக்கும் மசாலாவுக்கும் பதில் சொன்னது. இட்லி மாவுக்கு அது கிரைண்டருக்கு ஈடாகாது என்பதில் நம் பாட்டிமார் இன்றளவும் விட்டுக்கொடுப்பதில்லை. அதே 1955இன் டிசம்பரில் ஜப்பானில் தோஷிபா நிறுவனம் தானியங்கி மின் சோற்றுக்கலனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய மினாமியின் மனைவி ஃபுமிகோ நாள்தோறும் சோறு பொங்கிப் பொங்கிச் சோதித்துச் சொன்ன குறிப்புகளே அதன் அடிப்படை. அரிசி உண்ணும் இரு சமூகங்கள் ஒரே ஆண்டில் சமையலறையைப் பற்றி யோசித்திருக்கின்றன.

இனிச் சிக்கலுக்கு வருவோம். எந்திரம் வந்ததும் வேலை குறைந்ததா? அமெரிக்க வரலாற்றாசிரியை ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூலொன்றில், வீட்டு எந்திரங்கள் இல்லத்தரசியின் நேரத்தைக் குறைக்கவில்லை. மற்றவர் செய்த வேலைகளைப் பறித்து அவள் தலையில் சேர்த்தன. எதிர்பார்ப்பின் அளவையும் உயர்த்தின என்று வாதிட்டார். இட்லியை வைத்துப் பார்த்தால் நமக்கும் அது பொருந்துகிறது. தீபாவளிக்கும் விருந்தாளிக்கும் மட்டுமே இட்லி சுட்ட காலத்தை முதியோர் பல வீடுகளில் நினைவுகூர்வர். கிரைண்டர் வந்தது, இட்லியும் தோசையும் அன்றாடமாயின. பழைய சோறு போதும் என்றிருந்த காலைக்கு இப்போது சட்னி இரண்டு வகை வேண்டும். உழைப்பின் கடுமை குறைந்தது, முறைகள் கூடின. இருந்தாலும் கோவனை நான் முழுதாக ஏற்கமாட்டேன். இரண்டு படி அரிசியை ஆட்டுரலில் ஆட்டி எழுந்த ஒரு பெண்ணிடம் இந்த வாதத்தைச் சொல்லிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

2011 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையில்லாமல் வழங்கத் தொடங்கியது. குடும்ப அட்டையுள்ள பெண்களின் பெயரில், ஏறத்தாழ 1.85 கோடிக் குடும்பங்களுக்கு என்பது இலக்கு. ஏளனம் செய்தவர் பலர். அவர்களில் எத்தனை பேர் அம்மியில் மிளகாய் அரைத்தவர் என்று கேட்கத் தோன்றும். ஏளனத்துக்கு இடமிருந்தது வேறொன்றில்: 2012இல் சென்னைக்கு வெளியே மின்வெட்டு நாளின் பாதியை விழுங்கியது. மதுரை வெயிலில் ஊறவைத்த உளுந்து கரண்டுக்காகக் காத்திருக்காது. நடுநிசியில் மின்சாரம் வரும் நேரமறிந்து எழுந்து மாவாட்டினார்கள் பெண்கள். ஆலையின் இரவு ஷிப்டு வீட்டுக்குள் வந்துவிட்டது போலிருந்தது. அப்போது சிலர் ஆட்டுரலைத் தேடினார்கள். அது கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது, அல்லது வீடு இடித்தபோது அஸ்திவாரத்துக்குள் போயிருந்தது. கிடைத்தாலும் கல் வழவழத்துப் போயிருந்தது. தெருவில் குரல் கொடுத்து வரும் கல் கொத்துகிறவர்களோ அருகிவிட்டார்கள். உளி பிடிக்கத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டியிருந்தது.

இன்று பசுமலைத் தெருக்களில் மாலையானால் கடை வாசலில் பாக்கெட் மாவு அடுக்கியிருக்கிறது. அரைப்பது மறுபடி வீட்டை விட்டு வெளியே போய்விட்டது, ரைஸ் மில்லின் வழியிலேயே. அம்மிக்கு மட்டும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. மணமகள் மிதிப்பதற்காகச் சின்னதாக ஒன்றைக் கல்யாண மண்டபத்துக்காரர்கள் வைத்திருக்கிறார்கள். அதில் யாரும் எதையும் அரைத்ததில்லை.