இயந்திரங்களுக்கு மட்டும் வந்த எதிர்காலம்

ஹார்டி பாய்ஸ், நான்சி டிரூ ஆகிய பெயர்களை நம் வாசகருள் பலர் அறிவர். ஆங்கிலவழிப் பள்ளிகளின் நூலகங்களில் கைமாறிக் கைமாறித் தாள் நைந்துபோன நூல்கள் அவை. அவற்றுக்கு மூத்த அண்ணன் ஒருவன் உண்டு. நம் நாட்டில் அவனை அறிந்தோர் சிலரே. டாம் ஸ்விஃப்ட் என்பது அவன் பெயர். 1910-இல் அமெரிக்காவில் பிறந்த கற்பனை இளைஞன். புதுப்புது இயந்திரங்களைத் தானே படைப்பவன். அந்நாட்டில் இன்று முதியோர் பலர் இத்தகைய தொடர்நூல்களின் பழம்பதிப்புகளைத் தேடிப்பிடித்து மீண்டும் படிக்கின்றனர். அந்த மறுவாசிப்பு எழுப்பும் ஒரு கேள்வியை இங்கே சிந்திக்க விழைகிறோம்.

இம்மூன்று தொடர்களும் ஒரே பட்டறையில் உருவானவை. எட்வர்ட் ஸ்ட்ராட்டமையர் என்பவர் 1862-இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தவர். தாமே எழுதிக் குவித்தவர், ஒருவர் கையால் ஆகக்கூடியது போதாதென்று கண்டு, நூல் எழுதுவதையே ஒரு கூட்டுத்தொழிலாக மாற்றினார். கதைச் சுருக்கத்தைச் சில பக்கங்களில் அவர் எழுதித் தருவார். கூலிக்கு எழுதுவோர் சில வாரங்களில் அதை முழு நூலாக்குவர். அவர் திருத்தி அச்சுக்கு அனுப்புவார். அட்டையில் இல்லாத ஆசிரியரின் பெயர் இருக்கும். டாம் ஸ்விஃப்டை எழுதியதாகச் சொல்லப்படும் விக்டர் ஆப்பிள்டன் என்றொரு மனிதர் இருந்ததே இல்லை. முதல் தொடரின் பெரும்பகுதியை எழுதியவர் ஹோவர்ட் காரிஸ். நான்சி டிரூவின் முதல் நூல்களை எழுதிய மில்ட்ரெட் பென்சன் என்ற அம்மையார் ஒரு நூலுக்கு 125 டாலர் பெற்றுக்கொண்டு, உரிமை முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டார். பதிப்பகத்தாரிடையே எழுந்த வழக்கொன்றில் 1980-இல் அவர் நியூயார்க் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல நேர்ந்தது. அப்போதுதான் அவருடைய பங்கு உலகறியத் தெரியவந்தது. அதற்குள் ஐம்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

டாம் ஸ்விஃப்ட் கதைகளின் கவர்ச்சி இயந்திரங்களில் இருந்தது. மோட்டார் சைக்கிளில் தொடங்கி, வான்கலம், நீர்மூழ்கி, பெரும்பீரங்கி என நூலுக்கு நூல் அது வளர்ந்தது. தொலைபேசிக் கம்பி வழியே உருவப்படம் அனுப்பும் கருவியை மையமாக வைத்து 1914-இல் ஒரு நூல் வந்தது. அதற்கு முன்பே, 1911-இல், மின்துப்பாக்கி பற்றிய நூல் வெளியாகியிருந்தது. குண்டு இன்றி மின்னாற்றலையே பாய்ச்சும் ஆயுதம் அது. சிறுவயதில் அந்தக் கதையில் உள்ளம் பறிகொடுத்த ஜாக் கவர் என்பவர் பின்னாளில் இயற்பியலாளரானார். 1970-களில் மின்னதிர்ச்சியால் ஆளைச் செயலிழக்கச் செய்யும் கருவியொன்றை உருவாக்கினார். நூற்பெயரின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து அதற்கு டேசர் என்று பெயரிட்டார்; ஒலிப்பதற்கு எளிதாக இருக்கட்டும் என்று நாயகனுக்கு இல்லாத ஒரு நடுவெழுத்தையும் சேர்த்துக்கொண்டார். இன்று பல நாடுகளின் காவலர் இடுப்பில் தொங்குவது அந்தச் சிறுவர் கதைதான்.

அந்த மின்துப்பாக்கி கதையில் எங்கே போகிறது? ஆப்பிரிக்காவுக்கு, யானை வேட்டைக்கு. அங்கே குள்ள மனிதரிடம் சிறைப்பட்ட மறைபரப்பாளர்களை டாம் மீட்கிறான். அக்கண்டத்து மக்களுக்குக் கதையில் தனி முகம் இல்லை. மீட்புக்கதைக்குத் தேவையான அச்சத்தைத் தருவதே அவர்கள் வேலை. மறைபரப்பாளர் வரும் கதை என்பதற்காக அதை நாம் பாராட்டிவிட முடியாது.

டாமின் ஊரிலும் நிலை அதுவே. எராடிகேட் சாம்ப்சன் என்ற கறுப்பின முதியவர் முதல் நூலிலேயே வருகிறார். பூமராங் என்ற கோவேறு கழுதையை ஓட்டிக்கொண்டு, கிடைத்த சில்லறை வேலைகளைச் செய்து பிழைப்பவர். அவருடைய பேச்சு சிதைந்த உச்சரிப்பில் எழுதப்படுகிறது. படிப்பவர் சிரிக்கவேண்டும் என்பதற்காகவே. பின்னர் தென் அமெரிக்காவிலிருந்து கோக்கு என்ற பூதவுடல் மனிதனும் பணியாளாக வந்து சேர்கிறான். முதலாளிக்குத் தொண்டு செய்வது யார் என்று இருவரும் சண்டையிடுவதே நகைச்சுவை! நூல்கள் நாற்பது வெளிவந்தன. ஆண்டுகள் முப்பது கடந்தன. வானிலும் நீரிலும் எத்தனையோ இயந்திரங்கள் பாய்ந்தன. எராடிகேட் மட்டும் பணியாளாகவே நின்றார். நாளைய உலகை வரைந்த எழுதுகோலுக்கு அவரை வேறோர் இடத்தில் நிறுத்திப் பார்க்கத் தோன்றவே இல்லை.

1954-இல் டாமின் மகனை நாயகனாக்கி இரண்டாம் தொடர் தொடங்கியது. அணுவாற்றலும் விண்வெளியுமே அதன் உலகம். 1958-இலேயே நிலவுக்கான போட்டியைப் பற்றி ஒரு நூல் வந்துவிட்டது. ஆப்பிள் நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், தம்மைப் பொறியியலின்பால் ஈர்த்தவை இந்நூல்களே என்று கூறியிருக்கிறார். மனிதர் நிலவில் கால்பதித்த இரண்டு ஆண்டுகளில், 1971-இல், தொடர் நின்றுபோனது.

இதற்கிடையே மற்ற இரு தொடர்களுக்கும் ஒரு சிகிச்சை நடந்தது. 1930-இல் ஸ்ட்ராட்டமையர் மறைந்தபின் பொறுப்பேற்ற மகள் ஹாரியட் ஆடம்ஸ், பழைய ஹார்டி பாய்ஸ், நான்சி டிரூ நூல்களை 1959 முதல் மாற்றி எழுதச் செய்தார். கதைகள் சுருங்கின, வேகம் கூடியது, இனவெறுப்பு தொனித்த பகுதிகள் நீங்கின. நான்சி டிரூவின் முதல் நூலில், ஏரிக்கரை வீடொன்றின் கறுப்பினக் காவலாளி குடிகாரராகச் சித்திரிக்கப்பட்டிருந்தார். 1959-ஆம் ஆண்டுப் பதிப்பில் குடிப்பழக்கம் போயிற்று, அவரும் வெள்ளையராகிவிட்டார். இழிவை நீக்கியது சரியே. ஆனால் இழிவுபடுத்தப்பட்டவருக்கு நல்லதோர் இடம் தருவதற்கு மாறாக, அவரையே கதையிலிருந்து அகற்றிவிட்டனர். கறுப்பின மக்கள் தங்கள் உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்த ஆண்டுகளில், அந்நாட்டுச் சிறுவர் கையில் கிடைத்தது அவர்கள் இல்லாத ஓர் அமெரிக்கா. இழிவுபடுத்தியதைவிட இது சிறிய அநீதி என்று நாம் கருதவில்லை.

இதன் விளைவு விந்தையானது. தாத்தா படித்த நூல் வேறு, பெயரன் படித்த நூல் வேறு. அட்டையில் பெயர் மட்டும் ஒன்றே. இளமை நினைவைத் தேடிப் போகிறவர் எந்தப் பதிப்பைத் திறக்கிறார் என்பதைப் பொறுத்தே அவர் காணும் நாடும் அமையும். குழந்தைக்குப் பழம்பதிப்பைத் தனியே கொடுத்துவிடலாகாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். அருகமர்ந்து படிக்கப் பெரியவர் ஒருவர் வேண்டும். ஆயினும் அப்பதிப்பு மறைந்துவிடவும் கூடாது.

1991 முதல் ஆப்பிள்வுட் என்ற பதிப்பகம் இவ்விரு தொடர்களின் தொடக்க நூல்களை மூல வடிவிலேயே மீண்டும் அச்சிட்டது. அக்காலப் பார்வையைக் குறித்து வாசகரை எச்சரிக்கும் குறிப்பும் அவற்றில் இடம்பெற்றது. டாம் ஸ்விஃப்டின் முதல் நூல்கள் உரிமைக்காலம் முடிந்து இன்று எவரும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. அவை எவராலும் திருத்தப்படாதவை. திறந்து படித்தால், தூசி பறக்கும் கிராமத்துச் சாலையில் எராடிகேட் இன்னும் தம் கோவேறு கழுதையை ஓட்டிக்கொண்டு வருவதைக் காணலாம்.